படம் நின்னுபோச்சு

இன்றைக்கு மட்டும் படம் நிற்கக் கூடாது. அய்யாத்துரைக்கு வேறொன்றும் வேண்டாம். மழை பெய்ய வேண்டாம், முழங்கால் வலி தீர வேண்டாம், சாயங்காலம் அஞ்சு மணிக்குப் புனேயில் இருக்கும் மகள் சுகந்தியின் முகம் போனில் வரும்போது அது பாதியில் நின்று தொலையக் கூடாது, அவ்வளவுதான். சாப்பாட்டு மேசை முழுக்க ஒயரும் பெட்டியுமாகக் கிடக்கிறது. நடுவில் கறுப்பாக, நாலு கொம்பு முளைத்த புது ரவுட்டர். அதன் முதுகில் ஒரு துவாரத்தில் தெருக்கம்பத்திலிருந்து வரும் பைபர் லைன், இன்னொன்றில் சிம் கார்டு போட்ட குட்டி மோடம். இரண்டு லைன், ஒரு பெட்டி. ஒன்று படுத்தால் இன்னொன்று தாங்க வேண்டும். பெண்டாட்டி கனி இருந்தால் இதைப் பார்த்துவிட்டு என்ன சொல்வாள், 'திங்கிற எடத்துல என்னங்க இது, கருமாதிக் கடை பரப்பி வச்சிருக்கீங்க' என்பாள். அந்த வார்த்தையை மனசு தானாக எடுத்துவந்து போட்டது, போட்டதும் சுருக்கென்றது. கனிக்குக் கருமாதி முடிந்து மூன்றாவது மாதம் நடக்கிறது. இந்த மேசையை வெளியே தூக்கிப் போட்டுவிட்டுத்தான் அன்றைக்கு நடுவீட்டில் இலை போட்டார்கள். சரி, அதை விடு, வேலையைப் பார். லேப்டாப் திரையில் கட்டம் கட்டமாகக் கேட்கிறது, முதல் லைன் எது, இரண்டாவது லைன் எது, எப்படிச் சேர்க்க வேண்டும் என்று. புதன்கிழமை சுகந்தி அனுப்பிய மெசேஜ் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. 'வீடியோ வேண்டாம் அப்பா. வாராவாரம் கட் ஆகுது. மெசேஜ் போதும்.' போதும் என்றால்? 'சாப்டீங்களா', 'சாப்ட்டேன்', 'மழையா', 'இல்ல.' இதற்கு மேல் ஒரு தகப்பனும் மகளும் கட்டைவிரலை வைத்துக்கொண்டு என்ன பேசிவிட முடியும்? சுகந்திக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. கைதான் அவளுக்கு வாய். மற்ற வீடுகளில் படம் நின்றால் வீடியோவை அணைத்துவிட்டுக் குரலில் பேசிக்கொள்வார்கள். இந்த வீட்டில் படம் நின்றால் பேச்சே நின்றது. வீடியோவும் போய்விட்டால் மகளும் போய்விடுவாள், சண்டையில்லை சச்சரவில்லை, மாதம் ஒரு மெசேஜ், அப்புறம் தீபாவளிக்கு ஒரு பொம்மைப் படம், அப்புறம் அதுவும் இல்லை. கெஞ்சாத குறையாக எழுதினார், 'இந்த ஒரு ஞாயிறு மட்டும்மா. புது ரவுட்டர சரி பண்ணிருவேன்.' நெடுநேரம் கழித்து 'சரி' என்று ஒரு வார்த்தை வந்தது.

முதலில் வாங்கிவந்த உடனே தப்பாகத்தான் மாட்டினார். 'லோட் பேலன்ஸ்' என்று ஒரு பொத்தான் இருந்தது, அதை அமுக்கினால் இரண்டு லைனும் வேலை செய்யும் என்று பெட்டியில் படம் போட்டிருந்தது, அமுக்கினார், இரண்டு விளக்கும் எரிந்தது, எல்லாம் ஜோராக இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பேச்சு நடுவில் பைபர் லைன் ஒரு மூச்சு நின்றது, சுகந்தியும் நின்றாள். இன்னொரு லைன் சும்மா பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. ரவுட்டர் விற்ற மதுரைக் கடைக்காரனுக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டார். 'சார், கோவப்படாதீங்க. லோட் பேலன்ஸ்னா ரெண்டு பஸ் ஓடுற மாதிரி. உங்க கால் ஒரு பஸ்ல ஏறிருச்சுன்னா அதுலயேதான் கடைசி வரைக்கும். அந்த பஸ் பிரேக்டவுன்னா கால் கட்டு. உங்களுக்கு வேண்டியது பாண்டிங். ஒரே படத்தைத் துண்டு துண்டாக்கி ரெண்டு லைன்லயும் சேத்து அனுப்பும், ஒண்ணு அறுந்தாலும் மிச்சம் அடுத்ததுல போகும்.' அப்படியானால் அதையே முதலில் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கேட்டார். 'அதுக்கு அந்தப் பக்கமும் ஆள் வேணும் சார். துண்டு துண்டா வர்றத ஒண்ணு சேத்துக் கோக்கறதுக்கு சென்னைல ஒரு சர்வர் இருக்கு. அது இல்லாம இங்க நீங்க எத்தன லைன் இழுத்தாலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. ஒரு சாவி அனுப்புறேன், பாத்து டைப் அடிங்க.' அய்யாத்துரை போனை வைத்தார். கோர்ப்பதற்கு ஓர் ஆள். இந்த வீட்டில் அந்த ஆள் இருந்தாள். சுகந்தி கையால் சொல்வதைக் கனி வாயால் சொல்வாள், அவர் வாயால் சொல்வதைக் கனி கையால் சொல்வாள், முப்பது வருசமாக அவரும் மகளும் பேசிக்கொண்டிருந்ததாகத்தான் நினைத்திருந்தார். பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகள் பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில் சுகந்தியைச் சேர்த்தபிறகு, லீவு விட்டபோதெல்லாம் கூட்டிவந்து பிள்ளையிடமே கைப்பேச்சு கற்றுக்கொண்டவள் கனி. அடுப்படியில் இரண்டு பேரும் பாத்திரச் சத்தம்கூட இல்லாமல் மணிக்கணக்காகப் பேசுவார்கள், திடீரென்று இரண்டு பேரும் சிரிப்பார்கள், சுகந்தியின் சிரிப்புச் சத்தம் மட்டும் வீடெல்லாம் கேட்கும். 'என்ன சிரிப்பு?' என்று கேட்டால் 'ஒண்ணுமில்லங்க, ஒங்களப் பத்தித்தான்' என்பாள். 'ரயிலுக்கு மட்டும் கைகாட்டத் தெரியுது, பெத்த புள்ளைக்குக் காட்டத் தெரியலையாக்கும்?' ஷிப்டு டூட்டி என்பார் அவர். ரிட்டயர் ஆகட்டும் என்பார். ரிட்டயரும் ஆயிற்று. அதன்பிறகு என்னத்தைச் சொன்னார்? ஞாபகமில்லை. தலையை ஆட்டியிருப்பார்.

தலையாட்டுவதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே கைப்பேச்சு. சுகந்தி எது சொன்னாலும் ஆமாம் ஆமாம் என்று ஆட்டுவார். சாப்பிட்டீங்களா என்பதற்கு விரலைக் குவித்து வாய்ப் பக்கம் காட்டுவாள், அது பச்சைப் பிள்ளைக்கும் புரியும், ஆட்டுவார். அதற்கு மேல் அவள் வேகம் எடுத்தால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோலத்தான், அப்போதும் ஆட்டுவார். 'புரியலம்மா' என்று ஒருநாளாவது சொல்லியிருக்கலாம். அதற்கு எந்தக் கையை எப்படிக் காட்டுவது என்றுகூடத் தெரியாது, சரி, தெரியாவிட்டால் என்ன, கையை விரித்தால் போதாதா? விரிக்கவில்லை. அப்பனுக்குப் புரியவில்லை என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று ஒரு வீறாப்பு. இப்போது அந்தச் சாவியை அடிக்க வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நம்பர், நடுவில் ஒரு கோடு. ஒரு எழுத்துத் தப்பினாலும் மஞ்சள் விளக்கு மினுக்மினுக்கென்று கண்ணடிக்கிறது. முப்பத்தைந்து வருசம் விருதுநகர் ஜங்ஷனில் சிக்னல் பார்த்த கை, இந்தத் துக்கடா சாவியைத் தப்புத் தப்பாக அடிக்கிறது. சிக்னல் வேலையில் சேர்ந்த முதல் நாளே போர்மேன் மண்டையில் குட்டாத குறையாகச் சொன்ன பாடம், கம்பி அறுந்தாலும் சரி, கரண்டு போனாலும் சரி, எலி கடித்தாலும் சரி, சிக்னல் தானாகச் சிவப்புக்குத்தான் விழ வேண்டும். தெரியாத இடத்தில் வண்டியை விடாதே. சந்தேகமா, சிவப்பு. அந்த ஒரு பாடத்தில்தான் ஓர் ஆபத்தும் இல்லாமல் ரிட்டயர் ஆனார், மாலை போட்டார்கள், கனி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். அதே புத்திதான் போனிலும். படம் நின்றதா, இரண்டு மூச்சு பார்ப்பார், அசையவில்லையா, சிவப்புப் பொத்தானை அமுக்கிவிடுவார். தொங்கிக்கொண்டிருக்கிற லைனை வைத்துக்கொண்டு என்ன செய்வது, கட் பண்ணிவிட்டு மறுபடி போடலாம். மறுபடி போட்டால் சுகந்தி சில சமயம் எடுப்பாள், பல சமயம் எடுக்க மாட்டாள். போன வாரம் எடுக்கவில்லை. அதற்கு முந்தின வாரமும் எடுக்கவில்லை. நின்ற படம் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்கிறது, அதுதான் விசித்திரம். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கி, உள்ளங்கை தெரிய விரித்து வைத்துக்கொண்டு, அவரையே பார்த்தபடி நிற்கிறாள்.

'அண்ணாச்சி, உள்ள இருக்கீங்களா?' பக்கத்து வீட்டு பத்ரகாளி. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் கறிக்குழம்பு வைத்தால் இங்கே ஒரு டிபன் டப்பா வந்துவிடும். 'எலும்பில்லாம எடுத்துப் போட்டிருக்கேன், சூடா இருக்கையிலயே சாப்ட்ருங்க. இதென்ன அண்ணாச்சி, வீட்லயே டேசன் வச்சிட்டீங்களா?' என்று மேசையைப் பார்த்து மூக்கில் விரல் வைத்தாள். 'பாப்பா கூடப் பேசறதுக்கும்மா. லைன் அந்து அந்து போகுது.' 'ஐயோ, அதுக்கா. மதினி இருக்கும்போது ஓட்டப் போன வச்சிக்கிட்டு அந்தப் பேச்சுப் பேசுவாக, ஒருநாளும் அந்தது இல்லையே' என்றாள், சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்தாள். 'சாப்ட்டீங்களா மத்தியானம்?' அய்யாத்துரை தலையாட்டினார். அவள் போனதும் டப்பாவை ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்தார். காலையிலிருந்து ஒரு கிளாஸ் காப்பிதான். பசி இல்லை என்பதல்ல. தட்டை எடுத்து வைத்துக்கொண்டு தனியாக உட்காருவதற்கு ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. ஒருநாளும் அந்தது இல்லையே என்கிறாள். நிசந்தான், கனி பேசும்போது படம் நின்றதாக அவருக்கு ஞாபகமே இல்லை. இதே பைபர் லைன், இதே போன். அதெப்படி? அதை யோசிக்கப் போனால் அதற்குப் பின்னால் இன்னொன்று வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது, வரட்டும் பார்க்கலாம் என்று அதை அவர் விடுவதில்லை, எழுந்து ஓர் ஒயரைப் பிடுங்கி மாட்டுவார், ஒரு ஸ்க்ரூவை முடுக்குவார். சாவியை மறுபடி முதலிலிருந்து அடித்தார். கனி போன மறுவாரம் சுகந்தி ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தாள். 'அம்மா கடைசியா என்ன சொன்னாங்க?' அவர் எழுதினார், 'ஒண்ணும் சொல்லலம்மா. வாயில டியூப் போட்டிருந்தாங்க.' உடனே வந்தது அடுத்தது, ஒரே ஒரு வார்த்தை. 'கை?' எழுதி எழுதி அழித்தார். பிறகு, 'லைன் சரியில்லம்மா, ஞாயித்துக்கெழம பேசுவோம்' என்று அனுப்பினார்.

கை. கை இருந்தது. ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி ராத்திரிக்கு முந்தின பகல், ஐந்து நிமிசம் உள்ளே விட்டார்கள். வாயில் டியூப், மூக்கில் டேப்பு, கண் மட்டும் முழுசாகத் திறந்திருந்தது, அவரைப் பார்த்தது. வலது முன்கை மெத்தையை விட்டு மேலே எழும்பியது, நட்டக்குத்தலாக நின்றது, பொத்தென்று விழுந்தது. மறுபடி எழும்பியது, விழுந்தது. பிறகு விரல்களைக் குவித்து வாய்ப் பக்கம் கொண்டுபோனாள். டியூபைப் பிடுங்கப் போகிறாள் என்று நினைத்தார். நினைத்தாரா, பயந்தார். எமன் வாசலில் நிற்கும்போது எதை என்று யோசிப்பது? 'சிஸ்டர், சிஸ்டர், டியூப இழுக்கா' என்று கத்தினார். அந்தப் பெண் ஓடிவந்து, 'தாத்தா, நீங்க தள்ளி நில்லுங்க, பாட்டி, கைய வைக்கக் கூடாது' என்று பக்குவமாகத்தான் சொன்னாள். பட்டைத்துணியை எடுத்து இரண்டு மணிக்கட்டையும் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டினாள். அவள் வேலை அது, அவளைச் சொல்லி என்ன. அவர்தான் கத்தினார். சந்தேகமா, சிவப்பு. கட்டியபிறகு கனி கையை இழுத்துப் பார்க்கவில்லை. விரல் மட்டும் விரிந்து விரிந்து குவிந்தது. அப்புறம் அவரை வெளியே போகச் சொன்னார்கள், போனார். மறுநாள் விடியும் முன்னே எல்லாம் முடிந்துவிட்டது. சுகந்தி விமானத்தில் வந்து இறங்கும்போது கட்டை அவிழ்த்து, கையை மடக்கி, நெஞ்சில் வைத்து, பூவும் வைத்துவிட்டார்கள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேவிய கேவலை ஊரே கேட்டது. மணிக்கட்டில் தெரிந்த சிவந்த தடத்தை அவள் பார்த்தாளா? பார்த்திருப்பாள். அவள் கண்ணுக்கு எது தப்பும். இதைச் சொன்னால் எந்தப் பிள்ளை மன்னிக்கும், டியூப் கனியின் வாயை அடைத்தபிறகு கை ஒன்றுதான் அவளுக்கு மிச்சம், அந்தக் கையையும் கட்டிப்போட்ட மனுசனை எந்தப் பிள்ளை மன்னிக்கும்? சாவியின் கடைசி எழுத்தை அடித்து ஒரு தட்டு தட்டினார். மஞ்சள் மினுக்கியது. மினுக்கியது. பச்சை.

இரண்டும் பச்சை. நம்பாமல் கையால் தடவிப் பார்த்தார். எதையும் அறுத்துப் பார்த்தபிறகுதான் சரி என்று சொல்ல வேண்டும், அதுவும் போர்மேன் பாடம்தான். லைன் உயிரோடு இருக்கிறதா என்று லேப்டாப் கேட்கக் கேட்க வரி வரியாகப் பதில் வந்துகொண்டிருக்கும்போதே பைபர் ஒயரைப் பிடுங்கினார். வரி ஒரு நொடி திக்கியது, மறுபடி ஓடியது. மாட்டினார். மோடத்தைப் பிடுங்கினார். ஓடியது. இரண்டு லைனும் ஒரே வேகம் இல்லை, வேகமான லைன் மெதுவானதற்காகக் கொஞ்சம் காத்திருக்கும், படம் ஒரு கண் சிமிட்டல் பிந்தி வரும், அவ்வளவுதான் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். பிந்தி வரட்டும். வந்தால் போதும். முகம் கழுவினார், சட்டையை மாற்றினார், கனியின் படத்துக்கு முன்னால் இருந்த நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டார், தண்ணிச் செம்பில் போனைச் சாய்த்து வைத்தார். அஞ்சு மணி ஆவதற்கு முன்னாலேயே விரல் போய் அமுக்கிவிட்டது. சுகந்தி எடுத்தாள். தலைமுடி ஈரமாக இருந்தது, பின்னால் ஜன்னலில் நீலத் திரை. விரலைக் குவித்து வாய்ப் பக்கம் காட்டினாள். தலையாட்டினார். ரவுட்டரைத் தூக்கி இரண்டு பச்சை விளக்கையும் காட்டினார், பள்ளிக்கூடத்துப் பையன் பரிசுக் கோப்பையைக் காட்டுகிற மாதிரி. அவள் சிரித்தாள் என்று சொல்ல முடியாது, உதடு கொஞ்சம் அசைந்தது. பிறகு கை பேச ஆரம்பித்தது. மூக்குத்தி இடத்தைத் தொட்டாள், அது அம்மா. மணிக்கட்டைத் தொட்டாள். என்னென்னவோ கேட்டாள். அவர் தலை தானாக ஆடியது, ஆமாம், ஆமாம். அவள் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கினாள், விரித்தாள், அவரையே பார்த்தாள். படம் நின்றுவிட்டது.

பாழாய்ப்போன படம், இன்றைக்குமா! இத்தனை ஒயரும் வீண், சாவியும் வீண், எல்லாம் வீண். விரல் பழக்கத்தில் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. போகும் வழியில் கண் ரவுட்டர் மேல் பட்டது. பச்சை. இரண்டும் பச்சை. லேப்டாப்பில் வரி ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றுகூடத் தப்பாமல். விரலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு அய்யாத்துரை போனைக் குனிந்து பார்த்தார். சுகந்தி அசையவில்லை. விரித்த கை விரித்தபடி. அவளுக்குப் பின்னால் நீலத் திரை மெல்ல உப்பியது, காற்று போனதும் அடங்கியது. மறுபடி உப்பியது. அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்கி மோவாய்க்கு வந்தது. ஐயையோ. படம் நிற்கவில்லை. பிள்ளை நிற்கிறாள். பதிலுக்கு நிற்கிறாள். போன வாரமும் இப்படித்தானா? அதற்கு முந்தின வாரமும்? அம்மாவின் கை என்ன சொன்னது என்று கையை விரித்துக் கேட்டுவிட்டு அசையாமல் காத்திருந்த பிள்ளையை, லைன் போச்சு என்று வாராவாரம் கட் பண்ணிவிட்டாயே பாவி. லைன் அந்தது நாலு தடவை என்றால் நீ அறுத்தது எத்தனை தடவை? விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அதே கையைத் தூக்கினார். அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், மூன்று மாதமாக அர்த்தம் தெரியாமல் கண்ணுக்குள் வைத்திருந்தது. வலது முன்கையை நட்டக்குத்தலாகத் தூக்கினார், பொத்தென்று மேசையில் விட்டார். மறுபடி தூக்கினார், விட்டார். விரலைக் குவித்து வாய்ப் பக்கம் கொண்டுபோனார். பிறகு இரண்டு மணிக்கட்டையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டினார், கட்டிவிட்டார்கள் என்று. ஒரு விரலால் தன் நெஞ்சைத் தொட்டார், நான்தான், நான்தாம்மா கட்டச் சொன்னேன். கடைசியாக இரண்டு கையையும் விரித்தார். புரியலம்மா எனக்கு.

சுகந்தி விரித்த கையைக் கீழே விட்டாள். ஒரு கண் சிமிட்டல் பிந்தி அது இங்கே வந்து சேர்ந்தது. தன் முன்கையைத் தூக்கினாள், விட்டாள், அவரைவிட வேகமாக, பழகின கையாக. விரலைக் குவித்தாள். மூஞ்சியைப் பொத்திக்கொண்டு அழுதாள், அந்த ஓசை செம்பில் மோதி அதிர்ந்தது. அவர் கட் பண்ணவில்லை. அழுது முடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார், அவருக்கும் மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை. வெகுநேரம் கழித்து அவள் குனிந்து எதையோ தட்டினாள். அவள் முகத்துக்கு மேலேயே அந்த மெசேஜ் வந்து இறங்கியது. 'அந்தக் கை நீங்கதான் அப்பா. சிக்னல் மரம், கை ஏறி எறங்குற மாதிரி. சின்ன வயசுல நானும் அம்மாவும் உங்களுக்கு வச்ச பேரு. அப்பா சாப்ட்டாரான்னு கேட்டிருக்காங்க.' கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். ஜன்னலோரம் பத்ரகாளி வைத்துவிட்டுப் போன டப்பா மூடி திறக்காமல் ஆறிப்போய் இருந்தது. சுகந்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். முன்கையைத் தூக்கி விட்டாள், விரலைக் குவித்து வாய்ப் பக்கம் கொண்டுபோனாள், பதிலுக்காகக் கையை விரித்து வைத்துக்கொண்டு அசையாமல் பார்த்தாள். அய்யாத்துரையின் தலை வழக்கம்போல் மேலும் கீழுமாக ஆடக் கிளம்பியது. பாதியில் நிறுத்தினார். பிறகு மெதுவாக, இடமும் வலமுமாக ஆட்டினார். இல்லம்மா. இன்னும் சாப்பிடல.